லேட்டாக வந்த ஃபார்வர்டு

எங்கள் பள்ளிப் பெண்கள் ஃபுட்பால் அணிக்கு கோடை கேம்ப் நடக்கிறது. கோச் என்கிற முறையில் ஒரு வாரமாக எல்லோரிடமும் புலம்பிவிட்டேன். கோல் கீப்பர் பிரமாதம், கோல் அடிக்கத்தான் நாதியில்லை என்று.

இன்று காலை எல்லாம் கெட்டது.

கீப்பர் முத்துமாரிக்கு ஊர் திருவேங்கடம், தினமும் டவுன் பஸ்ஸில்தான் வருவாள். இன்று அவள் அப்பா பைக்கில் கொண்டுவந்து விட்டதால் முதல் ஆளாக வந்துவிட்டாள். பிராக்டிஸ் மேட்ச் தொடங்கியதும் பார்த்தால், முன்வரிசையில் ஓடுகிறாள். நான் விசிலை எடுப்பதற்குள் ஒரு கோல். அடுத்தது இடது காலால்.

"ஏட்டி, நீ கீப்பர்லா? இங்கன என்ன செய்யுத?"

"நான் ஃபார்வர்டு சார். லேட்டா வாரவதான் கோல்ல நிக்கணுமாம். எங்க பஸ் தினமும் லேட்டு."

கேப்டனைக் கூப்பிட்டேன். "இது யாரு போட்ட சட்டம்?"

"லேட்டா வந்தா பனிஷ்மெண்ட் உண்டுன்னு நீங்கதான சார் சொன்னிய? கோல்ல நிக்கத்தான் எவளும் மாட்டேங்கா. அதான் அதையே பனிஷ்மெண்டா வச்சிட்டோம்."

எனக்கு வந்த எரிச்சலை யார்மேல் காட்டுவது? ஒரு வாரமாக டவுன் பஸ்ஸின் லட்சணத்தைப் பார்த்துவிட்டு, அணியின் லட்சணம் என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன்.

இன்று லேட்டாக வந்தவள் கோலில் நின்றாள். பந்து வந்தால் கண்ணை மூடிக்கொள்கிறாள்.

ஃபார்வர்டு கிடைத்துவிட்டாள், கீப்பர் போய்விட்டாள். திருவேங்கடம் பஸ்ஸைவிட லேட்டாக வருகிற பஸ் எந்த ஊருக்கு ஓடுகிறது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், அந்த ஊரில் போய் கீப்பர் தேடுகிறேன்.