டிரைவரின் வலது கை

ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். செல்போன் படங்களில் முகத்துக்கு வெள்ளையடிப்பவர்களைக் கண்டாலே எனக்கு இளக்காரம். வெளிச்சம் தெரியாத ஜென்மங்கள் என்பேன்.

ஒருநாள் நாமக்கல் லாரி டிரைவர் ஒருவர் மனைவியோடு வந்து படம் எடுத்துக்கொண்டார். கம்ப்யூட்டரில் அவருடைய வலது கை மட்டும் கறுப்பாகத் தெரிந்தது. விளக்கு வைத்ததில் பிசகு என்று நினைத்து, இடது கையின் நிறத்துக்கு அதை மாற்றி பிரிண்ட் போட்டேன்.

படத்தைப் பார்த்த மனைவி முகம் சுளித்தார்.

"ஏனுங்க, இது யாரு கைங்க? இருவது வருசமா லாரி சன்னல்மேல வெச்சு வெயில்ல கறுத்த கைங்க அது. இதுகூடத் தெரியாமயா போட்டோ புடிக்கறீங்க?"

டிரைவர் இரண்டு கைகளையும் என் மேசைமேல் நீட்டினார். இரண்டும் இரண்டு நிறம்.

இப்போது செல்போன்காரர்களை நான் ஏசுவதில்லை. அவர்கள் தெரிந்தே வெள்ளையடிக்கிறார்கள். நான் வெளிச்சம் தெரிந்தவன் என்ற திமிரில் அடித்தேன்.