நாற்பதுக்கு முப்பத்தொன்று

பரீட்சை எதற்கு என்று என்னிடம் டியூஷன் படிக்கும் பிள்ளைகள் கேட்பதுண்டு. எது தெரியவில்லை என்று காட்டித் தரத்தான் என்பேன். நம்பித்தான் சொல்கிறேன். அதை நான் கற்றுக்கொண்ட விதத்தை மட்டும் சொன்னதில்லை.

உயர்நிலை ஒன்றில், அதாவது ஏழாம் வகுப்பில், கணக்குத் தேர்வில் முப்பத்தொன்று வாங்கினேன், நூற்றுக்கு. ஆசிரியை எண்ணை மட்டும் வட்டமிட்டிருந்தார்; எத்தனைக்கு என்று எழுதவில்லை. கடைசிப் பக்கத்தில் சிவப்பு மையில் ஆங்கிலத்தில் நாலு வரி: இவனுக்குப் பின்னக் கணக்கே புரியவில்லை, பெற்றோர் சம்மதித்தால் செவ்வாய்தோறும் பள்ளி முடிந்ததும் நானே சொல்லித் தருகிறேன்.

அப்பா பள்ளிக்கூடம் போனதில்லை, அம்மாவும் இல்லை. அப்பாவுக்கு எண்கள் தெரியும். கையெழுத்து என்றால் தன் பெயரைத் தமிழில் ஒவ்வோர் எழுத்தாக வரைவார்.

"எவ்வளவுக்குப்பா?" என்று கேட்டார்.

"நாப்பதுக்கு."

"இவ்வளவு எழுதியிருக்காங்களே?"

"நல்லா செஞ்சா அப்படித்தான் எழுதுவாங்க."

"பாவம், டீச்சர் எவ்வளவு மெனக்கெட்டிருக்காங்க," என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். மறுநாள் ஆசிரியை அதைப் பார்த்துவிட்டுத் தாளைத் திருப்பித் தந்தபோது, தனி வகுப்பு வேண்டாமென்று அப்பா சொன்னதாகச் சொன்னேன். செவ்வாய்க்கிழமை பந்து விளையாடப் போய்விட்டேன்.

அந்தச் சனிக்கிழமை மதியம், ஃபேரர் பார்க்கில் அப்பா பரோட்டா போடும் கடைக்குச் சாப்பிடப் போனேன். அவர் அடுப்பருகே இல்லை. கல்லாவில் இருக்கும் அக்காவின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். அந்த அக்கா அப்பாவைப் போல ஊரிலிருந்து வந்தவர் இல்லை; இங்கேயே பிறந்து படித்தவர், ஆங்கிலம் தெரியும். என் பையிலிருந்து எப்போது எடுத்தாரோ, கணக்குத் தாள் அப்பா கையில் இருந்தது. எண்ணெய் படாமலிருக்க டிஷ்யூ வைத்துப் பிடித்திருந்தார்.

"நாப்பதுக்கு முப்பத்தொன்னு. பின்னாடி என்ன எழுதியிருக்குன்னு கொஞ்சம் படிச்சுச் சொல்லுங்க."

"பரோட்டா மாஸ்டர் மவன் கணக்குல புலியா? ட்ரீட் எங்கண்ணே?" என்று சிரித்துக்கொண்டே வாங்கிய அக்கா, பக்கங்களைப் புரட்டப் புரட்டச் சிரிப்பை நிறுத்திக்கொண்டார்.

"அண்ணே, இது நூத்துக்கு லா. ஃபெயில். செவ்வாய்க்கிழமை எக்ஸ்ட்ரா கிளாஸ் வரச் சொல்லி எழுதியிருக்காங்க."

அப்போதுதான் வாசலில் நின்ற என்னை அவர் பார்த்தார். அப்பாவும் திரும்பினார். நான் தண்ணீர்க் குவளைகளைப் பார்த்தேன்.

"ஆமாமா," என்றார் அப்பா. "தம்பி வீட்டிலேயே சொல்லிடுச்சு, நூத்துக்குன்னு. எனக்குத்தான் மண்டையில நிக்கல."

அக்கா தாளைத் திருப்பிக் கொடுத்தார். அப்பா அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அடுப்புக்குப் போனார். கொஞ்ச நேரத்தில் என் முன்னால் இரண்டு பரோட்டா வந்தது.

"சூடா இருக்கு. பாத்து சாப்பிடு."

வீட்டுக்கு வந்தும் திட்டவில்லை. திட்டுவார் திட்டுவார் என்று இரண்டு நாள் காத்திருந்தேன். திட்டியிருந்தால் அழுது மன்னிப்புக் கேட்டிருப்பேன். அவரோ எனக்காகப் பொய் சொல்லியிருந்தார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை நானாகவே ஆசிரியையிடம் போய், நான் சொன்னது பொய் என்றேன். அவர் என்னை உட்காரவைத்து, அரை, கால் என்று ஆரம்பத்திலிருந்து தொடங்கினார். நான் எங்கே தடுக்கி விழுந்தேன் என்பது அந்த முப்பத்தொன்றிலேயே எழுதியிருந்தது. அப்பா திரும்ப என் பையில் வைத்திருந்த அந்தத் தாளைக் கொண்டே ஆசிரியை ஒவ்வொன்றாகக் காட்டினார்.

ஆண்டு இறுதித் தேர்வில் அறுபத்தெட்டு வாங்கினேன். எங்கள் வீடு இருந்த தோ பாயோ வரை ரயிலில் அதைக் கையிலேயே வைத்திருந்தேன். அப்பா வேலை முடிந்து வந்ததும் நீட்டினேன்.

"அறுபத்தெட்டுப்பா. நூத்துக்கு. டீச்சரையே நூறுன்னு கீழ எழுதித் தரச் சொன்னேன், பாருங்க."

"சரிப்பா. எங்க போடணும்?"

இடத்தைக் காட்டினேன். எழுத்தெழுத்தாகப் பெயரை வரைந்தார். முன்பு எவ்வளவுக்கு என்று கேட்டவரின் கண், எண் இருந்த மூலைக்கு இந்த முறை போகவே இல்லை. பேனாவை மூடிக் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனார்.