முன்வரிசைக்கு ஆள் தேடிய கோடை

அந்தக் கோடையில் எங்கள் வீட்டு ரெலிபோன் அடித்தால், பாதி நாட்களில் அது தம்பியின் பள்ளிக்கூடத்துப் புவியியல் ஆசிரியராகத்தான் இருக்கும். விடுமுறைக் காலத்தில் ஓர் ஆசிரியர் வீட்டுக்கு எடுத்துப் பேசுகிறார் என்றால் பிள்ளை ஏதோ குழப்படி செய்துவிட்டான் என்றுதான் அம்மா முதலில் நினைத்தார். அம்மாவுக்கு ஆங்கிலம் வராது. ரிசீவரை நெஞ்சோடு பொத்திக்கொண்டு, "பிள்ளை, உவர் திருப்பியும் எடுக்கிறார்" என்று என்னைக் கூப்பிடுவார்.

அவர் பள்ளிக்கூடத்து ஃபுட்போல் அணியின் பயிற்சியாளரும்கூட. நாங்கள் ஊரில் காலால் உதைத்து விளையாடியது வேறு. இது தலைக்கவசமும் தோளுக்கு மெத்தைக் காப்பும் போட்டுக்கொண்டு, முட்டை வடிவப் பந்தைக் கையில் கொண்டு ஓடுகிற இந்த நாட்டு ஃபுட்போல். தம்பிக்கு அப்போது பதினேழு வயது. எனக்கு இருபத்திரண்டு. தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. நாங்கள் மூன்று பேரும் ஸ்காபரோவில், மோர்னிங்சைட் பக்கம் ஓர் அடுக்குமாடியின் எட்டாம் தளத்தில் இருந்தோம். அப்பா நாங்கள் கனடாவுக்கு வருவதற்கு முன்பே கொழும்பில் மாரடைப்பில் போய்விட்டார். நான் ஒரு காப்புறுதி அலுவலகத்தில் நாள் முழுக்கக் கணினியில் படிவங்களைப் பதிந்துகொண்டிருந்தேன்.

"உந்த மனிசனுக்கு என்ன பிரச்சினை?" என்று ஒருநாள் தம்பியைக் கேட்டேன்.

"லைன்தான் அக்கா. லைனுக்கு ஆக்கள் இல்லை."

பந்தை எறிகிற பையனுக்கு முன்னால் ஐந்து பேர் வரிசையாக நிற்பார்களாம். எதிரணி பாய்ந்து வரும்போது அவன்மேல் கை படாமல் மறிப்பது அவர்களின் வேலை. போன வருடம் நின்ற ஐவரில் மூன்று பேர் படிப்பு முடிந்து போய்விட்டார்கள். நாலாமவனின் குடும்பம் பிறம்ரனுக்கு வீடு மாறிவிட்டது. மிஞ்சிய ஒருவனுக்கு முழங்காலில் சத்திரசிகிச்சை நடந்திருந்தது. அவன் திரும்பி வருவானா என்று வைத்தியரே சொல்லவில்லையாம்.

"நீ அதிலை எங்கை நிக்கிறாய்?"

"இடது பக்கக் கரை. ஆனால் நிச்சயமில்லை. காம்ப்பிலைதான் முடிவெடுப்பார்."

"பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவியோ?"

"பந்தைத் தொடவே மாட்டன்."

தொடவே கிடைக்காத பந்துக்காக ஏன் இவ்வளவு பாடு என்று எனக்கு விளங்கவில்லை. அவன் எழும்பி, சமையலறைக்குப் போகிற நடையின் நடுவில் நின்றான். "என்னைத் தாண்டிப் போய்க் குசினி லைற்றைப் போடுங்கோ பாப்பம்" என்றான். இடப்பக்கம் நுழைந்து பார்த்தேன், வலப்பக்கம் குனிந்து பார்த்தேன். அவன் என்னைப் பிடிக்கவில்லை. பாதங்களைச் சின்னதாக மாற்றி மாற்றி வைத்து, உள்ளங்கைகளை என் தோளில் பதித்தான். அவ்வளவுதான். நான் சிரித்துச் சிரித்துச் சுவரில் சாய்ந்துவிட்டேன்.

பத்து வயதில் இந்த நாட்டுக்கு வந்ததிலிருந்து அந்தப் பருத்த உடம்புக்காகக் கேலி வாங்கியவன் அவன். கடையில் காற்சட்டை வாங்கப் போனால் அளவைச் சத்தமாகச் சொல்ல வேண்டாம் என்று என் காதுக்குள் சொல்வான். இப்போதுதான் முதல்முறையாக ஒருவர் அந்த உடம்பைத் தேடி ரெலிபோன் எடுத்துக்கொண்டிருந்தார்.

யூலை முடிகிற நேரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. அம்மா மேசையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். தம்பி ஒரு படிவத்தைக் கொண்டுவந்து அவர் பக்கத்தில் வைத்தான்.

"அம்மா, ஓகஸ்ட் கடைசியிலை ஒரு கிழமை ட்ரெயினிங் காம்ப். இதிலை நீங்கள் ஒரு கையெழுத்து வைக்கோணும்."

அம்மாவின் கை நின்றது. "எங்கை?" என்றார்.

"ட்ரெயினிங் காம்ப். வடக்காலை, ஒரு ஏரிக்கரையிலை. பஸ்ஸிலை ரெண்டு மணித்தியாலம். அங்கையே தங்கிறது."

"வேண்டாம்."

"ஃபுட்போல்தானே அம்மா."

"வேண்டாம் எண்டு சொல்லுறன்." வெங்காயத்தை அப்படியே விட்டுவிட்டு அம்மா அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார். தம்பி என்னைப் பார்த்தான். அவனுக்கு உண்மையிலேயே விளங்கவில்லை.

கீழே உடுப்புத் தோய்க்கும் அறைக்கு அவனைக் கூட்டிக்கொண்டு போனேன். மெஷின்கள் ஓடுகிற சத்தத்தில் அங்கே எதையும் பேசலாம். அவனுக்கு ஆறேழு வயதாக இருந்தபோது நடந்ததை முழுதாகச் சொன்னது அன்றைக்குத்தான். எங்கள் பெரியண்ணா பதினெட்டு வயதில் ஒரு பின்னேரம் "ரியூசனுக்குப் போறன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த நாள் காலை அவருடைய சைக்கிளை மட்டும் ஒரு சிநேகிதன் கொண்டுவந்து மதிலோடு சாத்திவிட்டுப் போனான். நாலு மாதம் கழித்து இந்தியாவிலிருந்து ஒரு கடிதம் வந்தது. "ட்ரெயினிங் காம்ப் முடிய வந்திடுவன். யோசிக்க வேண்டாம் அம்மா." எங்கள் ஊரில் அந்தக் காலத்தில் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான்: இயக்கத்துக்குப் போன பிள்ளைகள் ஆயுதப் பயிற்சி எடுக்கிற இடம். பிறகு ஆமிக்காரர் வீடு வீடாகத் தேடி வந்தபோது, பயத்தில் அம்மாவே அந்தக் கடிதத்தை அடுப்பில் வைத்தார். அதன் பிறகு ஒரு சேதியும் இல்லை. படகோடு கடலில் போய்விட்டார் என்று ஒருவர் சொன்னார். ஜெர்மனியில் கண்டதாக இன்னொருவர் சொன்னார். எதையும் நம்பி அழவும் முடியவில்லை, நம்பாமல் இருக்கவும் முடியவில்லை. கனடாவுக்கு வந்த பிறகு அம்மா அவருடைய பேச்சையே எடுத்ததில்லை.

தம்பி தோய்க்கிற மெஷின்மேல் கையை ஊன்றியபடி கேட்டுக்கொண்டு நின்றான். "எனக்கு அண்ணான்ரை முகமே ஞாபகம் இல்லை அக்கா" என்றான். பிறகு, "அப்ப நான் கோச்சுக்கு வரேல்லை எண்டு சொல்லுறன்" என்றான்.

சொல்லியும் விட்டான். அதனால்தான் அடுத்த சனிக்கிழமை பயிற்சியாளர் நேரில் வந்தார்.

வெயிலில் நெற்றி சிவந்த, பெரிய ஆள். வாசலில் எங்கள் செருப்புகளைக் கண்டுவிட்டுத் தானும் சப்பாத்தைக் கழற்றினார். அம்மா தேத்தண்ணியும் பற்றீஸும் வைத்தார். யார் வந்தாலும் வைப்பார்; அதற்கும் சம்மதத்துக்கும் தொடர்பில்லை. அவர் மூன்று பற்றீஸ் சாப்பிட்டார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து விரித்தார். வரிசையாக ஐந்து வட்டங்கள். இரண்டில் மட்டும் பென்சிலால் பெயர் எழுதியிருந்தது. முழங்கால்காரனின் பெயருக்குப் பக்கத்தில் கேள்விக்குறி. இடதுகரை வட்டத்தில் தம்பியின் பெயர் எழுதி, அழித்து, திரும்பவும் எழுதியிருந்தது.

"இவன் இல்லாட்டி என்ன நடக்குமாம்? கேள்" என்றார் அம்மா.

கேட்டேன். அந்த இடத்தில் இவனைவிடச் சிறிய ஒரு பையனை நிறுத்த வேண்டிவரும், அவன் அடிபடுவான், அவனுக்குப் பின்னால் நிற்பவனும் அடிபடுவான் என்றார். இவன் வந்தாலும் லைன் சரிவருமென்று தன்னால் உறுதி சொல்ல முடியாது என்றும் சொன்னார். அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. அம்மாவுக்கு அப்படியே தமிழில் சொன்னேன்.

"அப்ப இவன் முன்னுக்கு நிக்கிறவனோ?"

"ஓம் அம்மா."

அம்மா சீலைத் தலைப்பை விரலில் சுற்றினார். "போன பிள்ளையளிலை திரும்பி வராமல் விட்டது ஆரும் உண்டோ எண்டு கேள்."

இதை எப்படி ஆங்கிலத்தில் கேட்பது? காரணம் சொல்லாமல் கேட்டால் அது ஒரு பைத்தியக்காரக் கேள்வி. அம்மாவின் அனுமதி இல்லாமல், இரண்டு மூன்று வசனத்தில், அண்ணாவைப் பற்றி அவருக்குச் சொன்னேன். சுவர்க் கலண்டரைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். அவர் கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தார். தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்தார். தான் பதினோரு வருடமாக அந்தக் காம்ப்புக்குப் பிள்ளைகளைக் கொண்டுபோகிறதாகவும், எல்லோரையும் திருப்பிக் கொண்டுவந்ததாகவும் சொன்னார். அம்மா எந்த நாளும் வந்து பார்க்கலாம், விரும்பினால் அந்த நிமிஷமே மகனைக் கூட்டிக்கொண்டு போகலாம் என்றார்.

அவர் போன பிறகு அம்மா கோப்பைகளைக் கழுவிக்கொண்டே கேட்டார். "அவருக்குப் பெரியவனைச் சொன்னனியோ?"

"ஓம். எப்பிடித் தெரியும்?"

"பிரதர் எண்டால் எனக்கு விளங்கும் பிள்ளை."

இரண்டு நாள் படிவம் மேசையில் அப்படியே இருந்தது. மூன்றாம் நாள் நான் வேலையால் வந்தபோது படிவம் என் தலையணையில் கிடந்தது. அம்மா தமிழில் கையெழுத்து வைத்திருந்தார்.

காம்ப் தொடங்கி மூன்றாம் நாள் நான் லீவு போட்டுவிட்டு அம்மாவை எங்கள் பழைய காரில் கூட்டிக்கொண்டு போனேன். பின் இருக்கையில் ஒரு பெட்டி நிறைய றோல்ஸ். அம்மா சீலையோடு என் ரென்னிஸ் சப்பாத்தைப் போட்டிருந்தார். ஏரிக்கரையில் பைன் மரங்களுக்குக் கீழே மரக் குடில்கள். அதற்கு அப்பால் ஒரு புல்வெளி. அதில் முப்பது நாற்பது பையன்கள், ஒரே மாதிரித் தலைக்கவசம், ஒரே மாதிரி வெள்ளைச் சட்டை.

"எது எங்கடை?" என்று கேட்டார் அம்மா.

எனக்கும் தெரியவில்லை. விசில் அடிக்கும்போதெல்லாம் பையன்கள் ஒருவரோடு ஒருவர் மோதுகிற சத்தம் கேட்டது. அம்மா ஒவ்வொரு முறையும் என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். பிறகு ஓய்வுக்குக் கலைந்தார்கள். ஒருவன் தலைக்கவசத்தைக் கழற்றாமலே தண்ணீர்ப் பக்கம் நடந்து போனான். முதுகு மட்டும்தான் தெரிந்தது. அம்மாவின் பிடி தளர்ந்தது. இரண்டு அடி முன்னால் வைத்து நின்றுவிட்டார். அவர் எந்த மகனைக் கண்டார் என்று நான் கேட்கவில்லை. எனக்கும் அந்த நடை வேறொருவருடையதாகத்தான் இருந்தது.

திரும்பியபோது அது தம்பிதான். ஓடிவந்து வியர்வையோடு அம்மாவைக் கட்டிப்பிடித்தான். றோல்ஸ் பத்து நிமிஷத்தில் முடிந்தது. அம்மா தம்பி படுக்கிற குடிலைக் காட்டச் சொன்னார். ஒரு குடிலில் எட்டுப் பேர். மெத்தையை அழுத்திப் பார்த்தார். தண்ணீர் எங்கே, கக்கூஸ் எங்கே, இரவில் யார் முழித்திருப்பது என்றெல்லாம் கேட்டார். பயிற்சியாளர் பொறுமையாக எல்லாவற்றையும் காட்டினார். போகும்போது அம்மா, "சரி, இருக்கட்டும்" என்றார். அதை நான் மொழிபெயர்க்கவில்லை. அவருக்கு விளங்கிவிட்டது.

திரும்பும் வழியில் வெறும் றோல்ஸ் பெட்டியை அம்மா மடியில் வைத்திருந்தார். பிறகு கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி கேட்டார்.

"அங்கையும் இப்பிடித்தான் மரத்துக்குக் கீழை வச்சிருந்திருப்பினமோ?"

"தெரியாது அம்மா."

"சாப்பாடு குடுத்திருப்பினம்."

"குடுத்திருப்பினம்."

"அவன் பத்தாட்டியும் கேக்க மாட்டான். நான்தான் பாத்துப் போடுறனான்."

பதினொரு வருடமாக அம்மாவுக்கு அண்ணாவைக் கொண்டுபோய் வைத்துப் பார்க்க ஓர் இடம் இருக்கவில்லை. ரியூசனுக்கென்று வாசல் படலையைத் தாண்டிய மகன் அதற்கப்பால் எங்கே படுத்தான், என்ன சாப்பிட்டான், பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று நினைக்க ஒரு மரமோ கட்டிலோ அவரிடம் இல்லை. இப்போது கிடைத்துவிட்டது. தவறான நாட்டில், தவறான பிள்ளைகளோடு கிடைத்தது. ஆனாலும் அவர் அதைப் பிடித்துக்கொண்டார். அண்ணாவுக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாது, அண்ணா வலப்பக்கம் திரும்பித்தான் படுப்பார், அண்ணா கடிதத்தில் எழுத்துப் பிழை விடமாட்டார் என்று ஸ்காபரோ வரும்வரை பேசிக்கொண்டே வந்தார். நான் நெடுஞ்சாலையின் வலது கரையோடு மெதுவாக ஓட்டினேன். பின்னால் வந்தவர்கள் எல்லோரும் என்னைத் தாண்டிப் போனார்கள்.

சனிக்கிழமை ஐந்து மணிக்குப் பள்ளிக்கூடத்து வாகனத் தரிப்பிடத்துக்குப் பஸ் வந்து சேரும் என்று சொல்லியிருந்தார்கள். அம்மா மூன்று மணிக்கே போய் நிற்கவேண்டும் என்றார். பஸ் வந்தது. பையன்கள் பைகளோடு ஒவ்வொருவராக இறங்கினார்கள். தம்பி ஒன்பதாவதாகவோ பத்தாவதாகவோ இறங்கினான். கழுத்து வெயிலில் கறுத்து, உதடு வெடித்து, பசியோடு. "போய்க் குளி" என்றார் அம்மா, அவன் வீட்டைவிட்டுப் போகவே இல்லை என்பதுபோல. பையை அவனிடமிருந்து வாங்கிக்கொண்டார். ஆனால் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை. எல்லோரும் இறங்கி, சாரதி கதவைச் சாத்தும்வரை மூன்று பேரும் அங்கேயே நின்றோம்.

லைன் அந்த வருடம் சரிவரவில்லை. முழங்கால்காரன் வரவே இல்லை. அந்த இடத்தில் ஓர் ஒல்லிப் பையனை நிறுத்தினார்கள். இரண்டு ஆட்டங்களில்தான் வென்றார்கள். தம்பி ஒன்றையும் தவறவிடவில்லை. பந்தைத் தொடவும் இல்லை. அடுத்த கோடையில் படிப்பு முடிந்து ஃபுட்போலும் முடிந்தது. பயிற்சியாளரின் ரெலிபோன் வருவதும் நின்றது. அதற்குப் பிறகு கொஞ்ச நாள் ரெலிபோன் அடித்தால் அவராக இருக்கக்கூடாதா என்று எனக்குத் தோன்றும்.

தம்பி இப்போது பிறம்ரனில் லொறிக் கம்பனி ஒன்றில் வேலை செய்கிறான். இரண்டு பிள்ளைகள். சில வருடங்களுக்கு முன் அவன் வீட்டுப் பின்வளவில் இருந்தபோது, தானாகவே அந்தக் காம்ப்பைப் பற்றிச் சொன்னான்.

"அங்கை படுத்திருந்துகொண்டு அண்ணாவை நினைச்சுப் பாக்கப் பாத்தனான் அக்கா. ஆள் வரும். முகம் வராது."

நான் சொல்லத் தொடங்கினேன். ஒடுங்கின முகம். காதுமடல் அப்பாவைப் போல. புருவத்தில் ஒரு வெட்டுத் தழும்பு. இடது புருவம் என்று சொல்லிவிட்டு நிறுத்தினேன். இடதா? வலதா? எவ்வளவு யோசித்தும் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. பயமாக இருந்தது. உடனே அம்மாவுக்கு ரெலிபோன் எடுத்தேன்.

"அம்மா, பெரியண்ணாவுக்குத் தழும்பு எந்தப் புருவத்திலை?"

"வலது" என்றார் அம்மா, அந்தக் கேள்வியை அவ்வளவு காலமும் யாராவது கேட்கக் காத்திருந்தவர்போல. "நாலு வயசிலை கதவு நிலையிலை அடிபட்டது. உவன் தம்பியும் பக்கத்திலையோ?"

"ஓம்."

"அவன்ரை கையிலை குடு."

தம்பி ரெலிபோனை வாங்கிக்கொண்டு வேலியோரம் போய் நின்றான். அங்கிருந்து அவன் பேசுகிற சத்தம் எனக்குக் கேட்கவில்லை. அவன் பேசவில்லை, அம்மா சொல்வதைக் கேட்டுக்கொண்டுதான் நின்றான்.