ஸ்வெட்டருக்குள் இருந்த கை

எங்கள் மலைநாட்டுப் பொகவந்தலாவைக் குளிரில் ஸ்வெட்டர் இல்லாமல் நான் எடுத்த படமே அப்போது கிடையாது. தம்பி கல்யாணத்துக்குச் சுடிதார் வாங்குவதற்காக, நம் படத்தில் உடுப்பைப் போட்டுக் காட்டும் மூன்று ஃபோன் ஆப்களில் அப்படி ஒரு படத்தைக் கொடுத்தேன். முதலாவது, ஸ்வெட்டரையும் என் உடம்பென்று நினைத்து இரண்டு சைஸ் கூட்டிச் சொன்னது. இரண்டாவது, ஸ்வெட்டருக்கு மேலேயே சுடிதாரை மாட்டியது. மூன்றாவதோ ஸ்வெட்டரையே காணாமலாக்கி, அரைக்கைச் சுடிதாரில் என்னை நிறுத்தியது. துணியின் மடிப்பு, கையில் விழுந்த வெயில், எல்லாம் அச்சு அசல். உடனே தங்கச்சியிடம் காட்டினேன்.

"அக்கா, இது ஒங்க கை இல்லயே. தழும்பு எங்க?" என்றாள்.

சின்ன வயதில் சுடுதண்ணி கொட்டிய தழும்பு, என் வலது கையில் முழங்கை வரை இருக்கிறது. ஸ்வெட்டர் மறைத்திருந்த கையை அந்த ஆப் பார்க்கவே இல்லை. பார்க்காததைத் தானாகவே வரைந்திருக்கிறது, அதுவும் உயிருள்ள கை போல. நானே அதை என் கையென்று நம்பிவிட்டேன். அடுத்ததாகத் தங்கச்சி படத்தைத்தான் போட இருந்தேன்.

"என் படத்தப் போட்டுறாதீங்க. உடுப்புக்குள்ள என்னத்த வரையுமோ" என்றாள். ஆப்பை மூடிவிட்டேன்.

இப்போதெல்லாம் கேட்காமல் யார் படத்தையும் எதிலும் போடுவதில்லை. என் உடுப்பை, ஹட்டன் டவுன் கடையில் ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டுப் போட்டுப் பார்த்தே வாங்குகிறேன். கல்யாணத்துக்கு வாங்கியதும் அரைக்கைச் சுடிதார்தான். கல்யாணப் படத்தில் தழும்பு தெளிவாக விழுந்திருக்கிறது.