மாப்பிள்ளைக்கு ஒரு மறைவுத் தேதி

கோவில்பதாகையில் காது குத்தினாலும் கல்யாணம் நடந்தாலும் யாராவது போய்ச் சேர்ந்தாலும், அதற்கான பேனர் எங்கள் வீட்டு முன்னறையில்தான் உருவாகும். என் வீட்டுக்காரர் பிரகாசம் கம்ப்யூட்டரில் டிசைன் செய்து கொடுப்பார். அம்பத்தூரில் ஒரு பிரஸ்ஸில் அடித்து வரும். டைப்பிங் ஹையர் பாஸ் செய்தவர் அவர். ஆவடி ஸ்டேஷன் பக்கம் டைப்பிங் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். அதற்கு ஆள் வருவது நின்றதும் இதற்கு மாறினார். சர்ச் போர்டில் ஒரு எழுத்து விட்டுப் போயிருந்தால்கூடப் பூசை முடியும்வரை முணுமுணுப்பார். "நம்ம கையால போன பேனர்ல ஒரு தப்பு காட்டு செலினு" என்பார், நான் கேட்காமலே. எனக்கு எரிச்சலாக வரும். ஆனாலும் உள்ளுக்குள் கொஞ்சம் பெருமைதான், பொய் சொல்வானேன்.

அவருடைய கம்ப்யூட்டர், அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஏதோ ஒரு கம்பெனி கழித்துப் போட்டது. விண்டோஸ் ஏழு. அதை ஆன் செய்துவிட்டு நான் அரிசி களைந்து உலையில் போட்டு வந்தாலும் அது சுற்றிக்கொண்டேதான் இருக்கும். சர்டிபிகேட்டுக்கு மனு போடுகிற வெப்சைட்டும் ஒரு நாள் அதில் திறக்காமல் போயிற்று. விண்டோஸ் பத்துக்கு மாற்றினால் சரியாகும் என்று யாரோ சொன்னார்கள். மாற்றப் போனால், இடம் போதாது என்றது.

"வேற ஹார்ட் டிஸ்க் போட்டுத் தொலையேன்யா" என்றேன்.

"இதுல இல்லாத இடமா? குப்பையக் கழிச்சா தன்னால வரும்."

குப்பை என்று அவர் கழித்தது அத்தனை வருஷத்துப் பேனர் ஃபைல்களையும். கல்யாணம், மஞ்சள் நீராட்டு, பிறந்தநாள், எல்லாம் போயிற்று. ஒன்றை மட்டும் விட்டுவைத்தார். பக்கத்துத் தெரு முத்தம்மாள் கிழவியின் கண்ணீர் அஞ்சலி. காரியத்துக்கு இன்னொரு பேனர் கேட்பார்களாம், அதற்காக.

காலியான இடத்தில் புது விண்டோஸ் நெட்டிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தபோதுதான் வீரராகவன் அண்ணன் வந்தார். எங்களுக்கு நாலு வீடு தள்ளி இருக்கிறவர், ஊரின் பழைய குடும்பம். அவர் மகள் ஜெயப்பிரியாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை குத்தம்பாக்கத்துப் பையன் வினோத். மண்டப வாசலில் மாப்பிள்ளையை வரவேற்கிற பேனர் வேண்டும். "நீ போட்டா நான் பாக்கவே வேணாம் பிரகாசம்" என்று போட்டோவைக் கொடுத்துவிட்டுப் போனார்.

கல்யாண ஃபைல் ஒன்றுகூட மிச்சமில்லையே. இந்த மனிதர் முத்தம்மாள் பேனரைத் திறந்து, கிழவி போட்டோவை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வினோத்தை வைத்தார். கறுப்பைச் சிவப்பாக்கினார்.

"சாவு பேனர் மேலயா கல்யாணத்தப் போடுவாங்க? உனக்கு இன்னா கிறுக்கா?"

"ஃபைலுக்கு இன்னாடி தீட்டு? அளவு ஒண்ணுதான். பேர மாத்துனா ஆச்சு."

பேரையும், மேலே இருந்த கண்ணீர் அஞ்சலியையும் மாற்றி சேவ் செய்தார். பிறகு குத்துவிளக்கைத் தூக்கிவிட்டு நாதஸ்வரம் வைத்தார். கீழே இருந்த தேதிகளை அழித்தார். மறுபடி சேவ் செய்தபோது ஆங்கிலத்தில் ஒரு சின்னப் பெட்டி எழும்பியது. இன்னதென்று கேட்டேன். "அது எப்பவும் வர்றதுதான், ஓகே அடிச்சா போய்டும்" என்று ஓகே அடித்தார். ஊர் போர்டையெல்லாம் எழுத்தெழுத்தாகப் படிக்கிறவர், தன் மூக்குக்கு முன்னால் வந்ததைப் படிக்கவில்லை. டிஸ்க்கில் இடமில்லை, சேவ் ஆகவில்லை என்று அது சொல்லியிருக்கிறது. கழித்த இடத்தையெல்லாம் புது விண்டோஸ் இறங்கி அடைத்துக்கொண்டுவிட்டது. இது எங்களுக்கு அப்புறம்தான் தெரிந்தது.

ஃபைலைப் பென் டிரைவில் போட்டுக்கொண்டு, விண்டோஸ் மாற்றத்தைத் தட்டிவிட்டார். வழக்கமாகப் பென் டிரைவில் இருப்பதை இன்னொரு தடவை திறந்து, முதலிலிருந்து கடைசிவரை வாய்விட்டுப் படித்துவிட்டுத்தான் பிரஸ்ஸுக்கு அனுப்புவார். அன்றைக்கு எதில் திறப்பது? கம்ப்யூட்டர் நீலத் திரையில் பாதியில் நின்று சுற்றிக்கொண்டிருந்தது. பிரஸ்ஸிலிருந்து போன் மேல் போன். அப்படியே கொடுத்துவிட்டார். பேனர் அங்கிருந்து நேராக மண்டபத்துக்குப் போயிற்று.

சாயங்காலம் ரிசப்ஷனுக்கு நானும் அவரும் போனோம். மண்டப வாசலில் சின்னக் கூட்டம், ஒரே சிரிப்பு. நிமிர்ந்து பார்த்தேன். கோட்டு சூட்டில் வினோத் சிரித்துக்கொண்டிருந்தான். அவன் படத்துக்குக் கீழே தோற்றம் என்று ஒரு தேதி, மறைவு என்று ஒரு தேதி.

"மாப்ள நாப்பத்தெட்டுல பொறந்தவரா? வயசே தெர்ல மாமே" என்றான் ஒருத்தன்.

மாதாவே, என் உடம்பெல்லாம் கூசியது. அவிழ்க்கச் சொல்லி ஆள் தேடுவதற்குள் குத்தம்பாக்கத்து வேன் வந்து நின்றுவிட்டது. திரும்பிப் பார்க்கிறேன், பக்கத்தில் இவரைக் காணோம். ஜெனரேட்டர் வண்டிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். தப்பு நடந்ததுகூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. யானைக்கும் அடி சறுக்கும். இவர் ஒளிந்து நின்றதைப் பார்த்தபோதுதான் எனக்கு அழுகை வந்தது.

"வாய்யா. நான்தான் பண்ணேன்னு போய் சொல்லு."

"கால் வரல செலினு."

அதற்குள் வாசலில் கூச்சல். "வாசல்லயே மாப்ளைக்கு சாவு தேதி போட்டுகினு எங்கள அழைக்கிறீங்களா? அபசகுனம் இது. வண்டியத் திருப்புடா" என்று மாப்பிள்ளையின் சித்தப்பா குதித்தார். உள்ளே மணப்பெண் அலங்காரத்தோடு உட்கார்ந்திருக்கிறாள். வேன் திரும்பினால் அந்தப் பெண்ணின் கதி? வீரராகவன் அண்ணன் தோள் துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மாப்பிள்ளையின் அம்மா எல்லம்மாவுக்கு முன்னால் கை கூப்பி நின்றார். ஊரில் யாரிடமும் அப்படி நின்றவர் இல்லை அவர். என் வீட்டுக்காரர் செய்த தப்புக்கு அந்த மனிதர் நின்றார். இவரும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

எல்லம்மாவுக்குப் புருஷன் இல்லை. ஒரே பிள்ளை. எல்லாரும் அந்த அம்மாவின் வாயையே பார்த்தோம். அவர் பேனரை மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் பார்த்தார்.

"இன்னாத்துக்கு இப்ப கத்துறீங்க? உயிரோட கீறவன செத்துட்டான்னு சொன்னா ஆயுசு கெட்டின்னுவாங்க. என் புள்ளைக்கு இருந்த கண்டம் இதோட கழிஞ்சிது. எல்லாம் எறங்குங்க."

சித்தப்பாவே போய் வேன் கதவைத் திறந்துவிட்டார். வேனிலிருந்து சீர்த்தட்டுகள் இறங்க ஆரம்பித்தன. போகிற போக்கில் எல்லம்மா கேட்டார். "யாரு அடிச்சிக் குடுத்தது இத?"

வீரராகவன் அண்ணன் ஜெனரேட்டர் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். இவர் அங்கே நிற்பது அவருக்குத் தெரியும். "அம்பத்தூர்ல ஏதோ ஒரு கடைமா. நமக்குத் தெரிஞ்சவங்க இல்ல" என்றார்.

"சரி" என்று அந்த அம்மா உள்ளே போய்விட்டார்.

பேனரை அவிழ்த்துச் சுருட்டினார்கள். நாங்கள் ஒரு வாய் சாப்பிடாமல் வீட்டுக்கு வந்தோம். கம்ப்யூட்டர் மாறி முடித்து, புதுத் திரையோடு பளிச்சென்று காத்திருந்தது. அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். மானம் கப்பலேறிப் போனதுகூடப் பரவாயில்லை, அந்த ஆள் எனக்காகப் பொய் சொன்னாரே, அதைத்தான் தாங்க முடியவில்லை என்று சொல்லிச் சொல்லி அழுதார். எனக்கு ஆறுதல் சொல்லத் தோன்றவில்லை. "காலைல நீயே வந்து அந்தம்மாகிட்ட சொல்ற" என்று மட்டும் சொன்னேன்.

காலையில் நான் இழுக்காமலே வந்தார். தாலி கட்டி முடிந்து, எல்லம்மா பந்தி ஓரமாக ஒரு நாற்காலியில் தனியாக உட்கார்ந்திருந்தார். இவர் போய் எதிரில் நின்றார். சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே நின்றார். நான் முதுகில் ஒரு தட்டுத் தட்டினேன்.

"அம்மா, அந்த பேனரு அம்பத்தூர் கடை தப்பு இல்லமா. நான் பண்ணது. வீரராகவன் அண்ணாத்தே எனக்காக மாத்தி சொல்ட்டாரு."

"தெரியும் நைனா" என்றார் எல்லம்மா. "பேனர் அடியில உன் கடை பேரு, போன் நம்பரு எல்லாம் போட்டுகினு கீறியே. எங்காளுங்க அப்பவே உனக்கு போன் போடப் போனாங்க. நான்தான் வேணாம்னேன்."

இவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"போன் எதுக்கு, ஆளே வந்து சொல்வான்னேன். நேத்து பந்தி முடியற வரிக்கும் வாசலையே பாத்துகினு இருந்தேன்."