நம்மளை விட்டு வெலகின புயல்

இப்ப நாங்க இருக்கிற வீட்டுத்திட்டத்துல ஆளுக்கொரு போனு. புயல் எங்க சுத்துதுன்னு அவனவன் உள்ளங்கையில பாத்துக்கிறான். ஹாலிஎலப் பக்கம் தேயிலைத் தோட்டத்துல, ஒத்தை ரூம் வீடுங்களா வரிசையா ஒட்டிக் கட்டின எங்க பழைய லயத்துல அப்படியில்ல. வங்கக்கடல்ல ஒன்னு உருவாகிருச்சுன்னா சாயங்காலம் எங்க காம்பராவுல கால் வைக்க எடமிருக்காது. எங்க வீட்டுக்காரரு புயல் பைத்தியமாச்சே! டிஷ்ல இந்தியா சேனலைப் போட்டு, நியூஸ் வாசிக்கிறவ வாயைத் தொறக்குறதுக்கு முன்னயே இவரு ஆரம்பிச்சிருவாரு. "இப்ப நாகப்பட்டினத்துக்குத் தெக்க நிக்குது. திரும்பும் பாருங்க." கிரிக்கெட் கமெண்டரி தோத்துப்போகும். வர்ற சனத்துக்கு பிளேன்டீ ஊத்தி ஊத்தியே நான் ஓஞ்சுபோவேன், வாய்க்கு வந்தபடி திட்டுவேன். ஆனா அந்தச் சாயங்காலங்களை நினைச்சா இன்னைக்கும் மனசு கெடந்து அடிச்சுக்குது.

கடலுக்கு இந்தப் பக்கம் நம்ம நாட்டு ரேடியோவும் சொல்லத்தான் செய்யும். "தாழமுக்கம்"னு சொல்லும். என்ன எழவு அமுக்கமோ, யாருக்கும் மண்டையில ஏறாது. சென்னைக்காரன் புயல்னு சொன்னாத்தான் எங்களுக்குப் புயல்.

இவரோட அக்கா, எனக்கு மதினி, லயத்தோட கடைசி காம்பராவுல தனியா இருந்தாங்க. அப்பா அம்மா போனப்புறம் இவரை வளர்த்தது அவங்கதான். தம்பி சொன்னா அதுக்கு மேல அப்பீலே கிடையாது. மத்தவங்க மழையை வானத்தைப் பாத்துச் சொல்லுவாங்க, மதினி தம்பி மூஞ்சியைப் பாத்துச் சொல்லுவாங்க.

அந்த வருஷம் விடாத மழை. மதினி காம்பராவுக்கு நேர் மேல, மேட்டுல மண்ணு வெடிச்சிருந்துச்சு. மீரியபெத்தையில மலை சரிஞ்சு லயத்தையே மூடினதுக்குப் பொறகு, வெடிப்பைப் பாத்தா எங்க சனம் ராத்திரி தூங்காது. புயல் கிட்ட வந்தா ஸ்கூலுக்குப் போயிருங்கன்னு கிராம சேவகரும் வந்து சொல்லிட்டுப் போனாரு. துணிமணியை உரப்பையில கட்டி வச்சிட்டு எல்லாரும் இவரு வாயைப் பாத்துக்கிட்டு இருந்தோம்.

சாயங்காலம் டீவியில அந்த நியூஸ் வாசிக்கிறவ சொன்னா: "புயல் கரையை விட்டு விலகிச் செல்கிறது. பொதுமக்கள் அச்சப்படத் தேவையில்லை." இவரு துள்ளிக் குதிச்சாரு. "தப்பிச்சோம்டா சாமி! நம்மளை விட்டு வெலகிருச்சு!" சனமெல்லாம் பையை அவுக்கப் போயிருச்சு. மதினி மொத ஆளா எந்திரிச்சு அடுப்பு மூட்டப் போனாங்க.

தகரத்துல மழை கூடிக்கிட்டேதான் இருந்துச்சு. எனக்குக் கோவம் பொத்துக்கிட்டு வந்துருச்சு. "என்னங்க, நம்மளைன்னா யாரு? அவ சென்னைக்காரங்களுக்கில்ல சொல்றா! அங்கயிருந்து வெலகினா எங்க வரும்? இங்கதானே வரும்!"

மனுஷனுக்கு மூஞ்சி செத்துப்போச்சு. டீவியில ஓடுற படத்தை உத்துப் பாத்தாரு. புயல் எங்க தலைக்கு மேலதான் வந்துக்கிட்டு இருந்துச்சு. மழையில எறங்கி ஓடி ஒவ்வொரு கதவா தட்டினாரு. "நான் தப்பா சொல்லிட்டேன், கெளம்புங்க, கெளம்புங்க!" மொணமொணத்துக்கிட்டே எல்லாரும் கெளம்பிட்டாங்க. மதினி மட்டும் அசையல.

"நீதானேடா இப்ப வெலகிருச்சுன்ன? என் தம்பி ஒருநாளும் தப்பா சொன்னதில்ல. போடா, ரொட்டி தீயுது."

இவரு கெஞ்சினாரு, கத்தினாரு. கடைசியில அந்தக் கொட்டுற மழையில வாசல்லயே சப்பணம் போட்டு உக்காந்துட்டாரு. "நீ வர்ற வரைக்கும் நானும் இங்கதான்." மதினி ரொட்டியைப் பெரட்டிப் போட்டாங்க. அப்புறம் திரும்பித் தம்பியைப் பாத்தாங்க. "சனியனே, காய்ச்சல் வரப்போவுது, எந்திரி"ன்னு திட்டிக்கிட்டே அடுப்பை அணைச்சிட்டு வெளிய வந்தாங்க.

விடியும்போது மேடு எறங்கிருச்சு. ஸ்கூல் வாசல்ல நின்னு பாத்தோம். பாதி லயத்தைக் காணோம். கடைசி காம்பரா இருந்த எடத்துல வெறும் செம்மண்ணு. இவரு சின்னப்புள்ள மாதிரி தேம்பித் தேம்பி அழுதாரு. "நான்தானேக்கா உன்னை இருக்கச் சொன்னேன்."

மதினி அந்த மண்ணை விட்டுக் கண்ணை எடுக்கல. "வான்னு சொன்னதும் நீதானேடா"ன்னாங்க.