கப்பலில் சமைக்கும் மாப்பிள்ளை

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை. புதுச்சேரி முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டுக்கு என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை நேவியில் இருக்கிறார் என்று அத்தை சொல்லியிருந்தாள். என்ன வேலை என்று கேட்டால், "அதெல்லாம் பெரிய கப்பலு" என்பாள். அது போதாதா? என் தாய்மாமா தெரு முழுக்க அவரை ஆபீஸராகவே ஆக்கிவிட்டார்.

நான் கதிர்காமத்தில் ஒரு லேபில் ரத்தப் பரிசோதனை செய்கிறவள். சமையலறையில் எனக்குத் தெரிந்தது வெந்நீர் போடுவது மட்டும்தான். இதை வெளியே சொல்லிவிடாதே என்று அம்மா காலையிலேயே கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள்.

வந்தார்கள். கடலைப் பூரணத்தை மாவில் தோய்த்து அம்மா சுட்ட சுழியத்தைத் தட்டில் வைத்து நான் கொடுத்தேன். "எல்லாம் எங்க பொண்ணு செஞ்சதுதான்" என்று அம்மா கூசாமல் சொன்னாள். மாப்பிள்ளை ஒன்றைக் கடித்தார். முகம் அப்படியே மலர்ந்தது. நிஜமான ஆர்வத்தோடு என்னைப் பார்த்து, "எண்ணெயில பிரியவே இல்லையே! மேல் மாவுக்கு என்னங்க சேத்தீங்க?" என்றார்.

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா மின்விசிறியைப் பார்த்தாள். ஏதாவது ஒரு மாவின் பெயரைச் சொல்லியிருக்கலாம். ஆனால் வாயில் வந்தது வேறு.

"நான் செய்யலீங்க. அம்மா செஞ்சது. எனக்குச் சமைக்கவே தெரியாது."

அம்மா தலையில் கை வைத்துக்கொண்டாள். கல்யாணம் போச்சு என்று நினைத்தேன். அவரோ பெருமூச்சு விட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்ப நானும் ஒண்ணு சொல்லிடறேன். நான் ஆபீஸர் கெடையாது. கப்பல்ல சமையல் செய்யறேன்."

"டேய்!" என்று அவருடைய அம்மா அவர் தொடையைக் கிள்ளினது எல்லோருக்கும் தெரிந்தது.

மாமாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. "பட்டாளத்துக்குப் போயும் கரண்டிதானா?" என்றார். அந்த வார்த்தை எனக்கே சுருக்கென்றது. மாப்பிள்ளையின் அம்மா பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார். எங்கள் அப்பா, "உக்காருங்கம்மா" என்று சொல்லிவிட்டு மாப்பிள்ளை பக்கம் திரும்பினார். "தம்பி, அந்த வேல புடிச்சிருக்கா உங்களுக்கு?"

அவ்வளவுதான், அவர் ஆரம்பித்துவிட்டார். பீச் பக்கத்து ஓட்டலில் நல்ல வேலை இருந்தும், கடல்மேல் சமைக்கணும் என்ற ஆசையில் பரீட்சை எழுதிப் போனாராம். கடல் கொந்தளித்தால் பாத்திரம் சறுக்காமல் இருக்க அடுப்பைச் சுற்றிக் கம்பி இருக்குமாம். குழம்பு பாதிச் சட்டிக்கு மேல் வைக்க முடியாதாம். "எல்லாருக்கும் தல சுத்தும் அங்கிள், எனக்கும்தான். ஆனா டியூட்டி முடிச்சு வர்றவன் பசியோட படுக்கக் கூடாதுல்ல? வாயில எலுமிச்சம்பழத்தக் கடிச்சிக்கிட்டே சாதம் வடிப்பேன்." முதன்முதலாக நம் ஊர் மீன்குழம்பு வைத்த அன்று, சப்பாத்தி கேட்டுச் சண்டை போடுகிற பஞ்சாப்காரர் ஒருத்தர் சட்டியையே வழித்துச் சாப்பிட்டதை அவர் நடித்துக் காட்டினபோது மாமாவே சிரித்துவிட்டார்.

அப்பா கண்ணில் நீர் வரச் சிரித்தார். "ரெண்டு வீட்டுலயும் ஒளிச்சு வெச்சது அடுப்படி சமாச்சாரம்தானா!" அந்தச் சிரிப்பில் மாப்பிள்ளையின் அம்மாவும் பையைக் கீழே வைத்தார்.

தனியாகப் பேச விட்டபோது நான் கேட்டேன், "சமைக்கத் தெரியாதவள எப்படிங்க கட்டிக்குவீங்க?"

"லீவுல நான் சமைக்கறேன். அதுல பிரச்சின இல்ல" என்றவர், உண்மையான கவலையோடு கேட்டார். "நான் கப்பலுக்குப் போயிட்டா நீங்க என்னங்க சாப்பிடுவீங்க?"

எத்தனையோ பேர் என்னைப் பார்க்க வந்திருக்கிறார்கள். நான் என்ன சாப்பிடுவேன் என்று கேட்ட முதல் ஆள் அவர்தான். நான் உள்ளே போய் அப்பாவிடம் சரி என்று சொல்லிவிட்டேன்.

கல்யாணத்துக்குப் பிறகு, அவர் கப்பல் கரைக்கு வந்ததும் போன் வரும். அடுப்புப் பக்கத்தில் போனைச் சாய்த்து வைத்து, அவர் சொல்லச் சொல்ல இப்போது ரசம் வரைக்கும் வந்துவிட்டேன். வீட்டுக்காரர் என்ன செய்கிறார் என்று யார் கேட்டாலும், "நேவியில சமையல் பண்றாரு" என்று முழுசாகவே சொல்கிறேன்; தெரிந்தால் கெட்டுப்போகும் என்று நாங்கள் பயந்து மூடி வைத்த விஷயத்தால்தான் இந்த வீடே அமைந்தது என்பதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பும் வருகிறது, கொஞ்சம் சிலிர்ப்பும் வருகிறது.